கிளாஷ் பாடின அடுத்தவங்க பாட்டும் லேபிள்ல சின்னதா இருக்கிற பேர்களும்

லண்டன் பங்க் ராக் பேண்ட் தி கிளாஷோட முதல் ஆல்பம் 1977 ஏப்ரல்ல வந்துச்சு. மொத்தம் 14 பாட்டு, பாதிக்கு மேல ரெண்டு ரெண்டரை நிமிஷத்துல முடிஞ்சிடும், எல்லாமே ஓட்டம், மூச்சு விட இடம் இருக்காது. ரெண்டாவது பக்கம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி திடீர்னு வேகம் இறங்கி ஆறு நிமிஷத்துக்கு ஒரு பாட்டு வரும், 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்'. ரெக்கார்டு நடுவுல ஒட்டியிருக்கிற லேபிளைப் பாத்தா மத்த பாட்டுக்கெல்லாம் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ்னு பேண்ட் ஆளுங்க பேரே இருக்கும், இதுக்கு மட்டும் மர்வின், பெரின்னு வேற ரெண்டு பேர். கிளாஷ் கேக்கற நிறைய பேர் இந்த ரெண்டு பேரையும் தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். கிளாஷ் கோபமா கத்தின விஷயத்தை ஒரிஜினல்ல ஒருத்தர் மெதுவா, கிட்டத்தட்ட தாலாட்டு மாதிரி பாடியிருப்பார், அதைக் கேட்டப்புறம் கிளாஷ் வெர்ஷனே வேற பாட்டா கேக்கும்.

அப்படிப் பாடின ஜூனியர் மர்வின் ஜமைக்காவுல போர்ட் அன்டோனியோ பக்கத்து ஆள். இந்தப் பாட்டுக்கு முன்னாடி ஜூனியர் சோல்னு வேற பேர்ல சில பாட்டு பாடியிருந்தார், பெருசா எதுவும் நடக்கல. 1976ல கிதாரும் கையுமா தலைநகர் கிங்ஸ்டன் போய் ப்ரொட்யூசர் லீ பெரியோட ஸ்டுடியோவுல இந்தப் பாட்டை பாடிக் காட்டினார். அந்த ஸ்டுடியோ பேர் பிளாக் ஆர்க், பெரி தன் வீட்டுக் கொல்லையிலயே கட்டினது, உள்ள இருந்தது வெறும் நாலு டிராக் டேப் மெஷின். நாலு டிராக்ல இடம் பத்தாதுன்னா பதிஞ்சதையெல்லாம் ஒரே டிராக்ல இறக்கிட்டு மேல மேல திரும்ப பதிவார், ஒவ்வொரு தடவையும் சத்தம் கொஞ்சம் மங்கும், மேல ஃபேஸர்னு சத்தத்தை அலை மாதிரி சுழட்டற கருவியும் எக்கோவும் போடுவார், அதனாலதான் பிளாக் ஆர்க்ல பதிஞ்ச எல்லாமே தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி இருக்கும். அந்த சத்தத்துக்கு மேல மர்வினோட ஃபால்செட்டோ, நம்ம ஊர்ல கள்ளக்குரல்னு சொல்வாங்களே அது, அமெரிக்க சோல் பாடகர் கர்டிஸ் மேஃபீல்டைக் கேட்டு வளந்த குரல், ஒரு இடத்துல கூட உயர்த்திக் கத்தாது.

ஆனா அவர் என்ன பாடறார்? தெருவுல போலீஸும் திருடங்களும் துப்பாக்கியோட நின்னு ஊரையே பயமுறுத்தறாங்கன்னு பாடறார். 1976ல ஜமைக்கா அப்படித்தான் இருந்துச்சு. மைக்கேல் மேன்லி கட்சிக்கும் எட்வர்ட் சியாகா கட்சிக்கும் நடந்த சண்டையில கிங்ஸ்டன் பேட்டைகள் ரெண்டா பிரிஞ்சு கிடந்துச்சு, ஜூன்ல அவசரநிலை போட்டாங்க, டிசம்பர்ல தேர்தலுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பாப் மார்லி வீட்டுக்குள்ளயே புகுந்து சுட்டாங்க. அந்த வருஷத்துல அந்த ஊர்ல நின்னுக்கிட்டு மர்வின் யார் பக்கமும் சேராம, ரெண்டு கூட்டத்தையும் ஒரே மூச்சுல பேர் சொல்லிப் பாடறார். குரல் இவ்வளவு மென்மையா இருக்கிறதாலதான் பாட்டு இவ்வளவு பயமா இருக்கு. கத்தினா இந்தப் பயம் வராது.

இந்த சிங்கிள் அதே வருஷம் கோடையில லண்டனுக்கு வந்துச்சு, ஜமைக்கன் குடும்பங்க வாழ்ற ஏரியா முழுக்க அந்தக் கோடையோட பாட்டே இதுதான். அங்க பிரச்சனை வேற. 1824ல பிச்சைக்காரங்களையும் நாடோடிகளையும் பிடிக்கப் போட்ட ஒரு பழைய சட்டம், அதுல இருந்த ஒரு பிரிவை வச்சு சந்தேகத்தோட பேர்ல யாரை வேணும்னாலும் போலீஸ் நிறுத்தலாம், பிடிக்கலாம். அது யார் மேல பாஞ்சுதுன்னு சொல்லத் தேவையில்ல, கருப்பினப் பசங்க தெருவுல நடக்கவே முடியாது. ஆகஸ்ட் கடைசியில நாட்டிங் ஹில் கார்னிவல்ல இது வெடிச்சுது, நூத்துக்கும் மேற்பட்ட போலீஸ்காரங்க ஆஸ்பத்திரிக்குப் போற அளவுக்குக் கலவரம். அந்தக் கூட்டத்துக்குள்ள கிளாஷோட பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் பேஸ் வாசிக்கற பால் சைமனனும் இருந்தாங்க. அதைப் பாத்துட்டு வந்துதான் 'வைட் ரயட்' எழுதினாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதே ஆல்பத்துல மர்வின் பாட்டும் இருக்கறது தற்செயல் இல்ல, ஒண்ணு அவங்க கண்ணால பாத்தது, இன்னொண்ணு அந்தக் கோடை முழுக்க அவங்க காதுல விழுந்தது.

சைமனன் லண்டன்ல ஜமைக்கன் குடும்பங்க நிறைய இருந்த பிரிக்ஸ்டன்ல வளந்தவர், ஜமைக்காவோட ரெகே அவருக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டு. அப்புறம் லண்டன்ல ராக்ஸிங்கற பங்க் கிளப்ல டான் லெட்ஸ் டிஜேவா இருந்தப்போ பங்க் ரெக்கார்டுன்னு போடறதுக்கே பெருசா எதுவும் இல்லாத காலம், அதனால அவர் ரெகேதான் போட்டார், பங்க் பசங்க காதுல அது அப்படித்தான் ஏறுச்சு. ஆனா ஏறினதை அப்படியே காப்பி அடிக்கலாமாங்கறது வேற கேள்வி. ரெகேல கிதார் அடிக்கு நடுவுல, ஆஃப் பீட்ல வெட்டும், எல்லாரும் காப்பி அடிக்கறது அதைத்தான். கிளாஷ் என்ன பண்ணாங்கன்னா ஒரு கிதாரை அடி மேலயே வச்சு, இன்னொரு கிதாரை ஆஃப் பீட்ல வச்சாங்க. ஹெட்ஃபோன்ல கேட்டா ரெண்டு காதுலயும் ரெண்டும் தனித்தனியா மோதறது தெரியும். இதனால பாட்டு ரெகேயும் இல்லாம ராக்கும் இல்லாம கட்டையா, முரட்டுத்தனமா நிக்குது. மர்வின் மேகத்துல வச்ச பாட்டை இவங்க சிமெண்ட் தரைக்கு இறக்கிட்டாங்க.

இது லீ பெரி காதுக்கும் போச்சு. அவர் அப்போ லண்டன்ல இருந்தார், பாப் மார்லியும் சுடப்பட்ட அப்புறம் அங்கதான். கிளாஷோட வெர்ஷனைக் கேட்டுட்டு மார்லி 'பங்கி ரெகே பார்ட்டி' பாடினார், பெரிதான் ப்ரொட்யூஸ் பண்ணார். அதே 1977லயே கிளாஷோட 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' சிங்கிளையும் பெரியே ப்ரொட்யூஸ் பண்ணிக் கொடுத்தார். ஒரு கவர் வெர்ஷன், அதாவது அடுத்தவங்க பாட்டைத் திரும்பப் பாடினது, ஒரிஜினலை செஞ்ச ஆளையே தேடிக் கூட்டிட்டு வந்த மாதிரி.

'ஐ ஃபாட் தி லா' கதை வேற மாதிரி. இதுக்கு ஒரிஜினல் எதுன்னு கேட்டா பாதிப் பேர் பாபி ஃபுல்லர் ஃபோர்னு சொல்வாங்க, அது தப்பு. எழுதினது சானி கர்டிஸ், டெக்சஸ்காரர். மணல் காத்து அடிச்சுக்கிட்டு இருந்த ஒரு மத்தியானம் உக்காந்து இருபது நிமிஷத்துல எழுதினதா அவரே பேட்டியில சொல்லியிருக்கார். 1959 பிப்ரவரில ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலி விமான விபத்துல போயிட்டார், அவரோட பேண்ட் தி கிரிக்கெட்ஸ், அவர் இல்லாமலே ஓட்டணும்னு கர்டிஸை கிதாருக்கும் ஏர்ல் சிங்க்ஸைப் பாடறதுக்கும் வச்சுக்கிட்டு ஒரு ஆல்பம் பண்ணாங்க, 1960 கடைசியில வந்துச்சு, அதுல ஒரு பாட்டு இது. யாரும் கவனிக்கல. கேட்டுப் பாருங்க, ரொம்ப சாதுவா இருக்கும், வழிப்பறி பண்ணி மாட்டிக்கிட்டு வெயில்ல கல் உடைக்கிற ஒருத்தன் தன் காதலியை நினைச்சு வருத்தப்படறான், அவ்வளவுதான், அதுல எந்த வீராப்பும் இல்ல.

பாபி ஃபுல்லர் டெக்சஸ்ல எல் பாசோவுல இருந்தவர், பட்டி ஹாலின்னா உயிர். முதல்ல ஊர்லயே தன்னோட சொந்த லேபிள்ல இதைப் பண்ணிப் பாத்தார், அப்புறம் கலிஃபோர்னியா போய் திரும்பப் பதிஞ்சது 1966 மார்ச்ல அமெரிக்காவுல 9வது இடம் வரைக்கும் ஏறுச்சு. ஜூலைல ஹாலிவுட்ல அவங்க அம்மாவோட கார்ல அவர் செத்துக் கிடந்தார், உடம்புல பெட்ரோல், வயசு 23. விபத்தா தற்கொலையா இல்ல யாராவது பண்ணதான்னு இன்னிக்கு வரைக்கும் பேசிக்கிட்டேதான் இருக்காங்க. சட்டத்தோட மோதித் தோத்தேன்னு ஒரு பாட்டு ஹிட்டாகி நாலே மாசத்துல இப்படி, அதனால அந்த வெர்ஷன் மேல ஒரு நிழல் விழுந்திருச்சு, அதைத் தள்ளி வச்சுட்டு கேக்க என்னால முடியல.

1978ல ஸ்ட்ரம்மரும் மிக் ஜோன்ஸும் ரெண்டாவது ஆல்பம் வேலைக்காக சான் ஃபிரான்சிஸ்கோவுல ஆட்டோமாட்ங்கற ஸ்டுடியோவுல இருந்தாங்க. அங்க ஒரு ஜூக்பாக்ஸ், காசு போட்டா பாட்டு போடற பெட்டி, இருந்துச்சு, அதுல பாபி ஃபுல்லரோட ரெக்கார்டு. அதைக் கேட்டுக் கேட்டு லண்டன் திரும்பி 1979 மே மாசம் 'காஸ்ட் ஆஃப் லிவிங்'ங்கற இபில, சில பாட்டு மட்டும் இருக்கற சின்ன ரெக்கார்டுல, விட்டாங்க. டாப்பர் ஹெடன் ட்ரம்ஸ் வாசிக்கறது துப்பாக்கி வெடிக்கற மாதிரி, எல்லாரும் சேந்து கோரஸ்ல கத்தறது ஒரு கூட்டம் தெருவுல இறங்கின மாதிரி. கர்டிஸ் எழுதினது தனியா ஒருத்தன் ஒத்துக்கற தோல்வி, கிளாஷ் பாடறப்போ அதே தோல்வியை நிறைய பேர் சேந்து தோள்ல தூக்கிட்டுப் போறாங்க. வார்த்தை கிட்டத்தட்ட அதேதான்.

அந்த வருஷ டிசம்பர்ல 'லண்டன் காலிங்' வந்துச்சு, 19 பாட்டு, அதுல அடுத்தவங்க பாட்டு மூணு. அட்டையில ரோஸும் பச்சையுமா எழுத்து, எல்விஸோட 1956 ஆல்பத்தை அப்படியே பாத்துப் போட்டது. எங்க இருந்து வர்றோம்னு அட்டையிலயே சொல்லிட்டாங்க.

'பிராண்ட் நியூ காடிலாக்' வின்ஸ் டெய்லரோடது, 1959. பேரையும் பாட்டையும் கேட்டா அமெரிக்கர்னு தோணும், ஆனா பொறந்தது லண்டன் ஓரத்துல ஐசில்வொர்த், உண்மையான பேர் பிரையன் ஹோல்டன். சின்ன வயசுல குடும்பத்தோட அமெரிக்கா போய் வளந்தார், அவங்க அக்காவைக் கட்டினவர் டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தரான ஜோ பார்பெரா. அப்புறம் லண்டன் திரும்பி ராக் அண்ட் ரோல் பாடகர் ஆனார். இந்தப் பாட்டு ஒரு சிங்கிளோட பி சைடுதான், அதாவது பின்பக்கம், இங்கிலாந்துல விக்கல, ஆனா ஜோ மொரெட்டி வாசிச்ச அந்த கிதார் சோலோவைக் கேட்டா 1959ல இங்கிலாந்துல இப்படியெல்லாம் வாசிச்சாங்களான்னு இருக்கும். டெய்லர் பிரான்ஸ் போய் கருப்பு லெதர் போட்டு அங்க பெரிய ஸ்டார் ஆனார், அப்புறம் போதை, மனநிலை உடைஞ்சுது, மேடையிலயே தன்னை ஒரு தீர்க்கதரிசி மாதிரி நினைச்சுக்க ஆரம்பிச்சுட்டார். ராக் பாடகர் டேவிட் போவி அவரை லண்டன்ல சந்திச்சிருக்கார், தான் மேடையில போட்ட ஸிக்கி ஸ்டார்டஸ்ட் பாத்திரத்துக்கு விதை போட்டதுல இவரும் ஒருத்தர்னு போவியே சொல்லியிருக்கார். கிளாஷ் இந்தப் பாட்டை வெஸ்செக்ஸ் ஸ்டுடியோவுல கை சூடாகறதுக்காக வாசிச்சாங்க. முடிச்சதும் ப்ரொட்யூசர் கை ஸ்டீவன்ஸ் இதுதான் டேக், போதும்னுட்டார். போகப் போக வேகம் ஏறுதேன்னு ஹெடன் சொன்னதுக்கு ராக் அண்ட் ரோல்னாலே வேகம் ஏறத்தான் செய்யும்னு பதில் வந்துச்சாம். அவர் சொன்னது சரிதான், அந்த ஏறற வேகம் இல்லன்னா பாட்டே இல்ல.

'ராங் எம் பாயோ' எனக்கு இந்த மொத்தக் கதையிலயும் ரொம்பப் பிடிச்சது, ஏன்னா இதுல தோண்டத் தோண்ட அடி வந்துக்கிட்டே இருக்கும். கிளாஷுக்கு இது கிடைச்சது தி ரூலர்ஸ்னு ஒரு ஜமைக்கன் குழுவோட 1967 ரெக்கார்டுல இருந்து, எழுதினது கிளைவ் அல்ஃபான்சோ. அது ராக்ஸ்டெடி காலம், ஸ்காங்கற வேகமான ஜமைக்கா ஆட்ட இசையோட வேகம் இறங்கி ரெகேயா மாறறதுக்கு நடுவுல இருந்த ரெண்டு வருஷம். பாட்டு ஸ்டாகர் லீ கதையோட ஆரம்பிக்கும், ரெண்டு பேர் சூதாடறாங்க, ஒருத்தன் ஏமாத்தறான், உடனே பாட்டு நின்னு, முதல்ல இருந்து ஆரம்பிப்போம்னு சொல்லிட்டு வேற தாளத்துல கிளம்பும். அந்த நின்னு கிளம்பறது கிளாஷோட ஐடியா இல்ல, ரூலர்ஸோடது.

ஆனா அந்த ஸ்டாகர் லீ யாரு? உண்மையான ஆள். லீ ஷெல்டன், அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ். 1895 கிறிஸ்துமஸ் ராத்திரி ஒரு பார்ல பில்லி லையன்ஸ்ங்கறவரோட தகராறு, லையன்ஸ் ஷெல்டனோட தொப்பியைப் பிடுங்கி வச்சுக்கிட்டுத் தர மாட்டேன்னுட்டார், ஷெல்டன் சுட்டுட்டு தொப்பியை எடுத்துக்கிட்டு நடந்து போயிட்டார். அதுல இருந்து கருப்பினத் தொழிலாளிங்க வாயில பாட்டாகி, 1928ல மிசிசிப்பி ஜான் ஹர்ட் பதிஞ்சு, 1959 ஆரம்பத்துல லாயிட் பிரைஸ் பாடி அமெரிக்காவுல முதல் இடம் வந்துச்சு. அமெரிக்க வெர்ஷன்கள்ல ஸ்டாகர் லீன்னா யாராலயும் அடக்க முடியாத கெட்டவன், கேக்கறவங்களுக்கு அவன் மேல ஒரு ரகசிய மரியாதை. கிங்ஸ்டனுக்கு வந்ததும் அல்ஃபான்சோ கதையைத் திருப்பிட்டார். 1966, 67ல அங்க ரூட் பாய்ஸ்னு கத்தி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச வேலையில்லாப் பசங்களைப் பத்தி ஆதரிச்சும் கண்டிச்சும் பாட்டு மேல பாட்டா வந்துக்கிட்டு இருந்துச்சு, இதுவும் அந்தப் பேச்சுல ஒரு குரல். பாடுபடற மனுஷனை ஏமாத்தாதே, அவன் மேல மிதிச்சு ஏறாதேன்னு. கொலைப் பாட்டு புத்திமதிப் பாட்டா மாறிடுச்சு, அதுவும் ஆடிக்கிட்டே. கிளாஷ் அதை அப்படியே சந்தோஷத்தோட ஆர்கன், ஹார்ன் எல்லாம் வச்சு எடுத்தாங்க.

மூணாவது 'ரெவல்யூஷன் ராக்', டேனி ரேயோட 1976 பாட்டு, ஜாக்கி எட்வர்ட்ஸும் சேந்து எழுதினது, ஜாலியான பாட்டு, கிளாஷ் இன்னும் நீட்டி கல்யாண வீட்டு பேண்ட் மாதிரி ஆக்கிட்டாங்க. 1979லயே ஒரு பி சைடுல ஜமைக்காவோட டூட்ஸ் அண்ட் தி மேடல்ஸ் குழுவோட 'பிரஷர் டிராப்' பண்ணாங்க, அதுல மட்டும் ஒரிஜினல்தான் எல்லா விதத்துலயும் மேலன்னு நான் சொல்வேன், டூட்ஸோட தொண்டைக்கு முன்னாடி யாரும் நிக்க முடியாது.

'லண்டன் காலிங்' சிங்கிளோட பின்பக்கம்தான் 'ஆர்மகிடியன் டைம்'. வில்லி வில்லியம்ஸ் பாடினது, ஆனா அவர் பாடின இசை அவருக்கு முன்னாடியே பத்து வருஷமா இருந்துச்சு. கிங்ஸ்டன்ல ஸ்டுடியோ ஒன்ங்கற ஸ்டுடியோவை நடத்தின காக்ஸன் டாடோட ஆஸ்தான பேண்ட் சவுண்ட் டைமென்ஷன், அவங்க அறுபதுகள்ல 'ரியல் ராக்'னு வார்த்தை இல்லாத ஒரு பாட்டு பதிஞ்சாங்க, கீபோர்டு ஜாக்கி மிட்டூ. ஜமைக்காவுல இப்படி ஒரு பேஸும் ட்ரம்ஸும் சேந்த அடித்தளத்தை ரிடிம்னு சொல்வாங்க, நம்ம பழைய பாட்டுப் புத்தகங்கள்ல இன்ன பாட்டோட மெட்டுன்னு மேல போட்டுட்டு புதுப் பாட்டு எழுதுவாங்க இல்லையா, கிட்டத்தட்ட அப்படி, ஆனா இங்க மெட்டுக்குப் பதிலா டேப்பே கை மாறும். ரியல் ராக் மேல நூத்துக்கணக்குல பாட்டு இருக்கு. வில்லியம்ஸ் அந்தப் பழைய டேப் மேல, இன்னிக்கு ராத்திரி நிறைய பேருக்கு சோறும் கிடையாது நியாயமும் கிடையாதுன்னு கொஞ்சம் கூட பதட்டப்படாம பாடறார், செய்தி வாசிக்கற மாதிரி. கிளாஷ் ரெக்கார்டிங்ல ரெண்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்டுல ஒரு குரல் குறுக்க வந்து நேரம் முடிஞ்சுதுன்னு சொல்லும், அது அவங்க கூட இருந்த காஸ்மோ வைனில், சிங்கிள்னா மூணு நிமிஷத்துக்குள்ள இருக்கணும்னு ஏற்கனவே பேசி வச்சது. ஸ்ட்ரம்மர் சூடா இருக்கோம் தள்ளாதேன்னு பாட்டுக்குள்ளயே பதில் சொல்லிட்டு மேல போவார். பத்து வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற ரிடிமை மூணு நிமிஷத்துல எப்படி நிறுத்தறது?

1980ல 'சாண்டினிஸ்டா', மூணு எல்பி. அதுல 'போலீஸ் ஆன் மை பேக்' கேட்டா கிதார் சைரன் மாதிரி அலறும், ஒருத்தன் வாரம் முழுக்க ஓடறான். எழுதினவர் எடி கிராண்ட், கயானால பொறந்து சின்ன வயசுல லண்டன் வந்தவர், 1967ல அவருக்கு 19 வயசு. அவரோட பேண்ட் தி ஈக்வல்ஸ், மூணு கருப்பினப் பசங்க, ரெண்டு வெள்ளைப் பசங்க, அந்தக் காலத்து இங்கிலாந்துல அதைப் பாக்கறதே அபூர்வம், பேரையே சமமானவங்கன்னு வச்சுக்கிட்டாங்க. அவங்க வெர்ஷன் ஆடற மாதிரி இருக்கற பாப் பாட்டு, சைரன் எல்லாம் கிடையாது. 1967ல ஒரு கருப்பினப் பையன் போலீஸ் துரத்துதுன்னு பாடணும்னா அதை டான்ஸ் பாட்டாத்தான் ரேடியோவுக்கு அனுப்ப முடிஞ்சிருக்கும்னு எனக்குத் தோணுது. 13 வருஷம் கழிச்சு அந்த ஓட்டத்தோட பயத்தை கிளாஷ் கிதார்ல வெளிய கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷமே பிரிக்ஸ்டன் எரிஞ்சுது, அதைப் பத்தி எடி கிராண்டே பாடின 'எலெக்ட்ரிக் அவென்யூ' உலகம் முழுக்க ஓடுச்சு.

அதே ஆல்பத்துல 'ஜன்கோ பார்ட்னர்'. ஸ்ட்ரம்மர் கிளாஷுக்கு முன்னாடி 101யர்ஸ்ங்கற பேண்ட்ல இருந்தப்போவே பாடின பாட்டு. 1951ல ஜேம்ஸ் வெய்ன் பதிஞ்சது, போதையில தள்ளாடற ஒருத்தனையும் லூசியானா ஜெயிலையும் பத்தினது, நியூ ஆர்லியன்ஸ்ல பார் பார்க்கு பாடிப் பாடி ஊர்ச்சொத்து ஆனது. கிளாஷ் அதைத் தூக்கிட்டு கிங்ஸ்டன்ல சேனல் ஒன் ஸ்டுடியோவுக்கே போனாங்க, ஜமைக்காவோட ரெகே பாடகர், ப்ரொட்யூசர் மைக்கி டிரெட் கூட இருந்தார். இந்த ஒரு பாட்டு முடிஞ்ச கையோட, பெரிய பேண்ட் வந்திருக்கு, எங்களுக்குக் காசு எங்கன்னு ஏரியாக்காரங்க நெருக்க, இவங்க கையில காசு இல்ல, கிளம்பிட்டாங்க. எழுதினவர் பேர் போடற இடத்துல, இப்போதைக்குத் தெரியலன்னு அச்சடிச்சாங்க. ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ்னு போட்டுக்கிட்டா யாரும் கேட்டிருக்க மாட்டாங்க, போட்டுக்கல.

1982ல 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்', இது அவங்க சொந்தப் பாட்டு, வியட்நாம்ல அமெரிக்க சிப்பாய்ங்க விட்டுட்டுப் போன குழந்தைங்க, வந்த நாட்டுல வேண்டாம்னு சொல்லப்பட்ட குடியேறிகள், இவங்களைப் பத்தினது. 25 வருஷம் கழிச்சு லண்டன்ல பொறந்து யாழ்ப்பாணத்துல வளந்து திரும்ப அகதியா லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., அந்தப் பாட்டோட தொடக்க இசையை எடுத்து அது மேல 'பேப்பர் ப்ளேன்ஸ்' பண்ணாங்க, விசா கிடைக்காம அலைஞ்ச கோபத்துல வந்த பாட்டு. கிங்ஸ்டன்ல ரிடிம் மேல பாடின அதே முறை. பாட்டு எழுதினவங்க பட்டியல்ல அவங்க பேர் பக்கத்துல ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சைமனன், ஹெடன் நாலு பேரும் இருக்காங்க. ஸ்ட்ரம்மர் அதைக் கேக்கல, 2002 டிசம்பர்லயே போயிட்டார்.